பனிக்கு முந்திய நாட்கள்

சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் என்றதும் நம் மனக்கண் முன் வருவது ஒரே ஒரு சித்திரம். எங்கு பார்த்தாலும் வெண்பனி. நடுவே ஒரு வண்டி. அதன் முன்னே வரிசையாய் ஓடும் நாய்கள். பின்னால் தோலாடைக்குள் முகம் தெரியாமல் நிற்கும் ஒரு மனிதர். பூகோளப் பாட புஸ்தகத்தில் நாமெல்லோரும் பார்த்த படம் அது. ஆனால் அந்தப் படத்தை வரைந்தவர் நாய்களுடைய வருஷத்தில் ஒரு பகுதியைத்தான் வரைந்தார். பனி விழுவதற்கு முன் வரும் இலையுதிர் காலத்தை விட்டு விட்டார். நாய் வளர்க்கும் வீட்டில் உண்மையான பாடெல்லாம் அந்தக் காலத்தில்தான். குளிர் காலம் பரீட்சை என்றால், இலையுதிர் காலம் படிப்பு. இரண்டில் எது கஷ்டம் என்று எந்த உபாத்தியாயரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு இது தெரிய வந்தது 2022-ஆம் வருஷம். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த அலாஸ்கா ராஜ்யத்தில் உபாத்தியாயர்களுக்குப் பஞ்சம். வெளி தேசங்களிலிருந்தும் ஒப்பந்தத்தின் பேரில் ஆட்களை வரவழைக்கிறார்கள். அப்படிக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். ஃபேர்பாங்க்ஸ் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 20 மைலில் டூ ரிவர்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. இரண்டு ஆறுகள் என்று அர்த்தம். நாய் வண்டிக்காரர்கள் அதிகமாய் வசிக்கும் ஊர். அங்கே எனக்கு வாடகைக்குக் கிடைத்தது ஓர் ஒற்றை அறை மரக் குடில். குழாய்த் தண்ணீர் கிடையாது. பூமிக்கடியில் பல இடங்களில் மண் எப்போதுமே உறைந்து கிடப்பதால் கிணறு தோண்டுவதும் குழாய் பதிப்பதும் பெருஞ் செலவு. ஆகையால் அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட குடில்கள் சகஜம். தண்ணீரை ஊரிலிருந்து பெரிய பிளாஸ்டிக் குடங்களில் நிரப்பி வர வேண்டும்.

வீட்டுக்குடைய அம்மாள் அறுபது வயதைக் கடந்தவர். கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து வந்தாள். இவர்கள் இருவருக்கும் துணையாக 24 நாய்கள். "வாத்தியாரே, வாடகையில் பாதியைப் பணமாகக் கொடும், மற்றப் பாதியை நாய்களுக்கு வேலை செய்து கழித்து விடும்" என்றார் அந்த அம்மாள். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் வந்து நாய்களுக்குக் குற்றேவல் செய்யப் போகிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் உபாத்தியாயர் உத்தியோகத்தில் இருப்பவன் பாதி வாடகையை அலட்சியம் செய்ய முடியுமா? ஒப்புக் கொண்டேன்.

அந்த நாய்களை முதன் முதலில் பார்த்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. படத்தில் கண்ட, அடர்ந்த ரோமமும் நீலக் கண்ணும் உடைய கம்பீரமான பிராணிகளை எதிர்பார்த்திருந்தேன். இங்கே நின்றவையோ நீண்ட காலும் ஒட்டிய வயிறுமாய், இருபது இருபத்தைந்து கிலோ எடைக்கு மேல் போகாத நாய்கள். அலாஸ்கா ஹஸ்கி என்று சொல்லப்படும் இவை தூய ஜாதி நாய்கள் அல்ல. அழகைப் பார்த்து வளர்த்தவையும் அல்ல. ஓட்டம், பசி, உறுதியான பாதம், வேலையில் ஆசை, இந்த நான்கையுமே பார்த்துத் தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கி எடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மர வீடு. அதன் அருகே ஒரு கம்பம். கம்பத்தில் சுழலும் சங்கிலி. ஓயாமல் சுற்றிச் சுற்றி ஓடி ஒவ்வொரு நாயும் தன் கம்பத்தைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் தேய்த்து வைத்திருந்தது. மேலே மலையிலிருந்து பார்த்தால் 24 வட்டங்கள் தெரியும்.

கோடை முழுவதும் அந்த நாய்கள் சோம்பிக் கிடக்கும். தடித்த ரோமப் போர்வை உடையவை அல்லவா? நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்த்து ஆற்றிக் கொள்ள அவற்றுக்கு வழியில்லை. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். ஆகையால் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் வரையில் அவற்றை ஓட்டுவதில்லை. ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு விடியற் காலையில் அது நேர்ந்தது. பர்ச் மரங்களில் மஞ்சள் ஏறியிருந்தது. பகற்பொழுதோ ஒவ்வொரு நாளும் ஆறேழு நிமிஷம் குறைந்து கொண்டிருந்தது. அங்கே இலையுதிர் காலம் என்பது மூன்று வாரத்துக் கல்யாணம். பொன்னும் மஞ்சளுமாய் ஆரவாரித்து, ஒரு காற்றடித்தால் முடிந்து விடும்.

அன்று காலை அந்த அம்மாள் கொட்டகையிலிருந்து சேணங்களை எடுத்து வந்தார். அந்தப் பட்டைகளின் சலசலப்புக் காதில் விழுந்ததுதான் தாமதம், 24 நாய்களும் ஒரே சமயத்தில் ஊளையிட்டு, குதித்து, தத்தம் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்று கூத்தாடின. "என்னை அழைத்துப் போ" என்று ஒவ்வொன்றும் கதறுவது போலிருந்தது. பிராணிகளை அடித்துத்தான் வண்டி இழுக்கச் செய்கிறார்கள் என்ற சந்தேகத்துடன் போயிருந்தவன் நான். அன்று அங்கே கண்ணீர் விட்ட நாய்களெல்லாம் கொட்டிலில் விடப்பட்டவைதான்.

பனி இல்லாத காலத்தில் சறுக்கு வண்டி எப்படி ஓடும் என்று வாசகர்கள் கேட்கலாம். ஓடாது. அதற்குப் பதிலாக நான்கு சக்கர மோட்டார் வண்டி ஒன்றை முன்னால் நீண்ட கயிற்றில் பிணைத்துக் கொள்கிறார்கள். நடுக்கயிறு ஒன்று, அதன் இரு புறமும் ஜோடி ஜோடியாய் நாய்கள். இன்ஜினைத் தாழ்ந்த கியரில் ஓட விடுவதால் இறக்கத்தில் வேகம் மிஞ்சுவதில்லை. முதல் நாள் இரண்டே மைல். பிறகு மூன்று, ஐந்து, எட்டு என்று படிப்படியாக ஏற்றி, பனி விழும் சமயத்தில் பத்து மைலுக்கு மேல் கொண்டு வந்து விடுவார்கள். தசையும் நரம்பும் பாதத்தின் தோலும் அப்படித்தான் பதப்பட வேண்டும்.

அந்த முதல் ஓட்டத்தில் என்னைப் பிரமிக்க வைத்தது வேகமல்ல, மௌனம். கயிறு இறுகும் வரையில் காது செவிடுபடும் கூச்சல். வண்டி நகர்ந்த அதே விநாடியில் அத்தனை சப்தமும் அடங்கி விட்டது. பாதங்கள் சருகில் படும் ஓசையும் மூச்சின் ஓசையும் தவிர வேறில்லை. வகுப்பு ஆரம்பித்ததும் இப்படி ஒரு நிசப்தம் நிலவுமானால் உபாத்தியாயர்கள் நூறு வயது வாழ்வார்கள்!

வண்டிக்கு மிக அருகில் கட்டப்படுபவை பலசாலிகளான சக்கர நாய்கள்; திருப்பத்தில் பாரம் முழுவதும் அவற்றின் மேல் விழும். நடுவே உழைப்பாளிகள். எல்லாவற்றுக்கும் முன்னே இரண்டு முன்னோடிகள். கடிவாளமும் இல்லை, சாட்டையும் இல்லை. வலப்புறம் திரும்ப 'ஜீ', இடப்புறம் திரும்ப 'ஹா', நிற்க 'வோ'. இந்தச் சொற்களைக் கேட்டு நடப்பவை முன்னோடிகளே. கூட்டத்தில் பலம் மிகுந்த நாய் முன்னோடியாவதில்லை. கேட்கவும் யோசிக்கவும் தெரிந்த நாய்தான் ஆகும்.

அந்த வீட்டு முன்னோடி ஜூனோ என்ற பெட்டை. பதினொரு வயது. முகவாய் நரைத்து விட்டது. ஓட்டம் தளர்ந்து விட்டதால் அதைப் பள்ளிக்கூட வேலைக்கு வைத்திருந்தார்கள். அதாவது குட்டிகளை அதன் பக்கத்தில் பூட்டுவார்கள். அந்த வசந்தத்தில் பிறந்த நான்கு குட்டிகள் இருந்தன. ஓர் ஈற்றுக் குட்டிகளுக்கு ஒரே வகைப் பெயர் வைப்பது நாய் வண்டிக்காரர்களின் வழக்கம். மலர்கள், மசாலைகள், நட்சத்திரங்கள் என்று எதுவும் ஆகலாம். "உமது நாட்டுப் பெயர்களாகச் சொல்லும்" என்று என்னைக் கேட்டார்கள். ஊரின் பெயர் இரண்டு ஆறுகள் ஆயிற்றே என்று காவேரி, வைகை, பாலாறு, பொருநை எனச் சொன்னேன். பாலாற்றின் 'ற' அவர்கள் நாவில் கடைசி வரையில் ஏறவில்லை. வைகை மட்டும் சுளுவாய் வந்தது. அந்தக் குட்டியும் சுளுவாய் வேலை கற்றது. தன் போக்கில் அணிலைத் துரத்தத் திரும்பும். ஜூனோ தோளால் ஓர் இடி இடித்து நேரே கொண்டு வரும். ஒரு முறை இடித்த தவறுக்கு மறுமுறை இடி வாங்காத மாணவி அது.

ஒரு நாள் ஓடையருகே அம்மாள் 'ஹா' என்றார். ஜூனோ நின்று விட்டது. மறுபடியும் சொன்னார். காதைப் பின்னுக்கு மடித்துக் கொண்டு நின்றதே ஒழியத் திரும்பவில்லை. அம்மாள் கோபிக்கவில்லை. "இவள் முடியாது என்றால் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்" என்று சொல்லி நடந்து போனார். பாதையின் மேல் சருகு மூடியிருந்தது. அடியில் கரையை வெள்ளம் அரித்துக் குடைந்திருந்தது. சொன்னதைச் செய்யும் நாய் நல்ல நாய், செய்யக் கூடாததைச் செய்ய மறுக்கும் நாய்தான் முன்னோடி என்று அன்று விளங்கிற்று.

ஓட்டம் காலையில் ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வீட்டு வேலை. தீனிக்கு வெந்நீர் காய்ச்ச வேண்டும். குளிர் நாளில் நாய் வெறுந் தண்ணீரைக் குடிக்காது. ஆகையால் இறைச்சித் துண்டும் கொழுப்பும் கலந்து கஞ்சி போல் கொடுப்பார்கள். அறுந்த சேணத்தைத் தைப்பது, நகம் வெட்டுவது, பாதத்துக்கான துணியுறைகளை நூற்றுக்கணக்கில் எண்ணி வைப்பது, விறகு பிளப்பது, வீடுகளுக்கு வைக்கோல் வாங்கி வருவது, 24 நாய்களின் கழிவை நாள்தோறும் அள்ளுவது எல்லாம் உண்டு. கடைசியாகச் சொன்னதுதான் என் பாதி வாடகையில் பெரும் பகுதி.

இவ்வளவு வேலைக்கும் நடுவே கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெரிய மரப் பந்தல் வெறுமையாய் நின்று கொண்டிருந்தது. அது மீன் உலர்த்தும் பந்தல். அந்த வெறுமையைப் பற்றித்தான் நான் முக்கியமாய்ச் சொல்ல வேண்டும்.

ஃபேர்பாங்க்ஸுக்குத் தென்மேற்கே டானனா நதிக்கரையில் நெனானா என்ற சிற்றூர் இருக்கிறது. டானனா, யூகான் மகாநதியின் உபநதி. இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து அந்த நதியில் ஏறி வருவது சம் என்னும் சால்மன் மீன். அதற்கு நாய்ச் சால்மன் என்றே ஒரு பெயர். அத்தனை காலமாய் அது நாய்களுக்கு உணவாகி வந்திருக்கிறது. ஆற்றின் ஓட்டத்தால் தானே சுழலும் மீன் சக்கரம் ஒன்றைக் கரையில் நிறுத்தி, அதன் கூடைகளில் மீனை அள்ளுவார்கள். அம்மாளின் கணவர் உயிரோடு இருந்த நாளில் ஒரு பருவத்துக்கு 1,500 மீனுக்குக் குறையாமல் கொண்டு வந்து பந்தலில் தொங்க விடுவாராம். பின்பருவத்து மீனை உலர்த்தக்கூட வேண்டாம். அடுக்கி வைத்தால் குளிரே உறைய வைத்து விடும்.

1925-ஆம் வருஷம் நோம் என்ற துறைமுக ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, அதற்கு மருந்து ரயிலில் வந்து இறங்கிய இடமும் இந்த நெனானாதான். ஜனவரி 27-ஆம் தேதி இரவு அங்கிருந்து புறப்பட்ட மருந்து, 20 வண்டிக்காரர்கள், ஏறக்குறைய 150 நாய்கள் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டு போக, 674 மைலைக் கடந்து பிப்ரவரி 2-ஆம் தேதி நோம் சேர்ந்தது. கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோ என்ற நாய்க்கு அதே வருஷம் நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். எல்லோரையும் விட நீண்ட தூரம் ஓடிய டோகோவின் பெயர் வெகு காலம் வரையில் அவ்வளவாகத் தெரியாமல் இருந்தது. அந்த நாளில் நதிக்கரை நாய்களுக்கு உலர்ந்த சால்மனே பிரதான ஆகாரம். ஆகவே, அந்த ஊர்க் குழந்தைகளைக் காப்பாற்றிய புண்ணியத்தில் நதிக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த நதியில் 2020-ஆம் வருஷம் சம் சால்மன் திடீரென்று குறைந்து போயிற்று. 2021-இல் வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே வந்தது. சம் மீனையும் ராஜ சால்மனையும் வீட்டுத் தேவைக்குக்கூடப் பிடிக்கலாகாது என்று யூகான் நதியில் தடை விதித்தார்கள். பேரிங் கடலும் அலாஸ்கா வளைகுடாவும் அசாதாரணமாய்ச் சூடேறிய வருஷங்களில், குஞ்சு மீன்கள் கொழுப்பு மிகுந்த இரை கிடைக்காமல் மெலிந்து போயின என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கடலில் பெரிய கப்பல்கள் வேறு மீனுக்கு வலை வீசும்போது இந்த மீனும் அகப்பட்டு வீணாகிறதே என்று நதிக்கரை ஜனங்கள் குறைப்படுகிறார்கள். எங்கோ கடலில் நேர்ந்தது, எங்கள் கொட்டகைக்குப் பின்னால் வெறும் பந்தலாய் நின்றது. எங்களுக்காவது கடையில் மூட்டைத் தீனி உண்டு. சாலையே இல்லாத நதிக்கரைக் கிராமங்களில் மனிதர்களின் குளிர்கால உணவே போய் விட்டது. அவர்களை நினைத்துக் கொண்டுதான் அம்மாள் தம் கஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வாய் விட்டுச் சொல்லாதிருந்தார்.

ஆனால் கணக்குச் சும்மா இருக்குமா? 24 நாய்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 பவுண்டு மூட்டை ஒன்று செலவாகும். செப்டம்பர் மாத நடுவில் ஒரு நாள் இரவு, அம்மாள் தம் நோட்டுப் புஸ்தகத்தை என் முன் வைத்து, "நீர் கணக்கு வாத்தியார், கூட்டிப் பாரும்" என்றார். கூட்டினேன். பெருக்கினேன். அடுத்த கோடை வரையில் அவர் கையிருப்புக் காணக்கூடியது 16 நாய்களுக்கு மட்டுமே. எட்டு நாய்களை வேறு இடம் அனுப்பியாக வேண்டும்.

எந்த எட்டு? அங்கே பத்து வயதைக் கடந்த நாய்கள் ஏழு இருந்தன. ஜூனோவும் அதில் சேர்த்தி. வேலை நாய்கள் பதின்மூன்று. குட்டிகள் நான்கு. மகள் அந்த மாரிக் காலத்தில் ஒரு பந்தயத்தில் ஓட்ட வேண்டுமென்று இரண்டு வருஷமாய்ப் பணம் சேர்த்து வந்தாள். அதற்குப் பன்னிரண்டு நல்ல நாய்கள் வேண்டும்.

"கிழ நாய்கள் ஏழையும் யாராவது வீட்டு நாயாக வைத்துக் கொள்ள மாட்டார்களா, அம்மா?" என்று கேட்டாள் மகள்.

"ஒன்றிரண்டை வைத்துக் கொள்வார்கள். மற்றவற்றை என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாதா?" என்றார் தாயார்.

மகள் பதில் சொல்லவில்லை. அடுப்பில் விறகு வெடிக்கும் சப்தம் கேட்டது. நெடுநேரம் கழித்து அம்மாள் சொன்னார்: "யாராவது ஆசைப்பட்டுக் கேட்கும் நாயை அனுப்பலாம். அது போகிற இடத்தில் நன்றாக இருக்கும். யாரும் கேட்காத நாய்தான் நம்முடையது."

அப்படியே நடந்தது. நான்கு சிறந்த வேலை நாய்களும், நான்கு குட்டிகளும் போயின. மூன்று வெவ்வேறு வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, பாதத்தையும் தோளையும் தடவி, மகிழ்ச்சியோடு ஏற்றிக் கொண்டு போனார்கள். வைகையை வண்டியில் ஏற்றியது மகள்தான். ஏற்றிவிட்டு நேரே ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் விட்டாள். அன்றிரவு அம்மாள் நோட்டுப் புஸ்தகத்தில் புதுப் பக்கம் திருப்பினார். ஒன்பது வேலை நாய்களின் தீனியைச் 'செலவு' என்ற தலைப்பிலும், ஏழு கிழ நாய்களின் தீனியைக் 'கடன்' என்ற தலைப்பிலும் எழுதினார். "யாருக்கு யார் பட்ட கடன்?" என்று கேட்டேன். "பத்து வருஷம் அவை இழுத்தன, நான் உட்கார்ந்து போனேன். வேறு எப்படி எழுதுவது?" என்றார்.

உலகம் இந்த மாதிரிக் கணக்கு எழுதுவது அபூர்வம். 1960-களில் பனி மோட்டார் வண்டி வந்ததும் அலாஸ்காக் கிராமங்களில் நாய்க் கொட்டில்கள் ஒன்றன் பின் ஒன்றாய்க் காலியாயின. நாய் வண்டி அடியோடு மறைந்து போகுமே என்ற கவலையில்தான் ஜோ ரெடிங்டன் முதலியவர்கள் 1973-இல் நோம் வரை செல்லும் ஐடிடராட் பந்தயத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பந்தயத்தில் நாய்கள் மாள்வதுண்டென்று கண்டிப்பவர்களும் இருக்கிறார்கள். கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. நம் தேசத்திலும் டிராக்டர் வந்த பிறகு உழவு மாடுகள் எங்கே போயின என்று யார் கணக்கு வைத்தார்கள்? பிராணி வேலை செய்யும்போது அதை நேசிப்பது எளிது. வேலை ஓய்ந்த பின், அல்லது ஆற்றில் மீன் ஓய்ந்த பின், என்ன செய்கிறோம் என்பதில்தான் நேசத்தின் எடை தெரிகிறது.

அக்டோபர் இரண்டாவது வாரத்தில் பனி விழுந்தது. காலையில் எழுந்து பார்த்தபோது உலகமே பூகோளப் படத்தைப் போல் மாறியிருந்தது. அம்மாள் கொட்டகையிலிருந்து சறுக்கு வண்டியை இழுத்து வந்தார். ஒன்பது நாய்களைப் பூட்டினார்கள். பத்தாவதாக, முன்னால் ஜூனோவை விட்டார்கள். அன்று ஒரு மைல் மட்டும் என்று ஏற்பாடு. மகள் பின்னால் நின்று ஓட்டினாள். அவள் முகத்தில் அந்த ஒரு மாதத்தில் நான் காணாத சிரிப்பைக் கண்டேன். கொட்டிலில் அடிச்சுவடு இல்லாத எட்டு வட்டங்களைப் பனி சமமாக மூடியிருந்தது.

நான் ஊர் திரும்பிய பிறகும் கடிதங்கள் வருகின்றன. ராஜ சால்மனை ஏழு வருஷம் பிடிப்பதில்லை என்று 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் உடன்பாடு செய்து கொண்டதாக ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார் அம்மாள். ஏழு வருஷம் என்பது அந்த மீனின் ஓர் ஆயுள். "நதி மறுபடியும் கொடுக்கும் வரையில் புதிய குட்டி எடுப்பதாயில்லை. ஆனால் பந்தலைப் பிரிக்கவில்லை, போன வாரம் இரண்டு கால் மாற்றினேன்" என்று இருந்தது. ஜூனோ தன் பதின்மூன்றாவது வயதில் அடுப்பங்கரையில் தூக்கத்திலேயே இறந்து விட்டதாம். வைகை இப்போது வேறொரு வீட்டில் முன்னோடியாம். "சொன்னால் கேட்கிறது, சில சமயம் கேட்க மறுக்கிறது என்று அவர்கள் குறை சொல்கிறார்கள். இறங்கிப் போய்ப் பார்க்கும்படி சொல்லி அனுப்பியிருக்கிறேன்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.